சுவிட்ச் மட்டும் மாற்றினால் போதாது: பழைய மாருதி 800-இன் ரேடியேட்டர் ஃபேன்

வண்டி 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் எஞ்சின், ஏசி கிடையாது. சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் சீராக 60-இல் போகும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. பல்லாவரம் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் கிடுகிடுவென்று சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். வண்டி நகர்ந்ததும் மறுபடி இறங்கும்.

இப்படி ஏறி இறங்கினால் முதலில் ஃபேனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும்; நின்றுவிட்டால் காற்றை இழுக்க ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. ஓட்டத்திலும் முள் ஏறுகிறது என்றால் அது வேறு வியாதி: ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று தேட வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். மூடி 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் திறந்தால் அழுத்தம் போன அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறப்பதும் பாதுகாப்பில்லை. ஆறிய பிறகு பார்த்ததில் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவு சரி, மூடியின் ரப்பரும் சரி.

அடுத்த சோதனைக்கு அரை நிமிடம் போதும். இந்த வண்டியில் ஃபேனுக்கு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) கிடையாது. சாவி போட்டதும் ஃபியூஸ் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் வந்து நிற்கும். மோட்டாரின் இன்னொரு ஒயர், கூலண்ட் பாதையில் திருகியிருக்கும் பித்தளை தெர்மோ சுவிட்சுக்குப் போகும். கூலண்ட் சூடானால் சுவிட்ச் அந்த ஒயரை எர்த் ஆக்கும், அதாவது பேட்டரி நெகடிவோடு சேர்ந்த எஞ்சின் உடம்போடு இணைக்கும்; ஃபேன் சுற்றும். ஆகவே சுவிட்ச் முனையில் இருந்து ஒயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒயர் நுனியை எஞ்சின் போல்ட் ஒன்றில் தொட்டால் ஃபேன் ஓட வேண்டும். கை, சட்டை, ஒயர் எதுவும் இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. தொட்டதும் ஃபேன் சுற்றியது. அப்படியானால் சுவிட்ச்தான் போயிருக்கிறது.

பெரும்பாலான வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. புது சுவிட்ச் போட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள், அல்லது சுவிட்சே வேண்டாம் என்று ஒயரை நிரந்தரமாக எர்த் செய்து 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். சில மாதத்தில் அதே வண்டி அதே புகாரோடு திரும்பி வரும். காரணம், சுவிட்ச் தானாகப் போகவில்லை. அதை எரித்தது எதுவோ, அது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது.

ஃபேன் சுற்றிய விதத்தைக் கவனித்தால் அது தெரிந்துவிடும். தொட்டவுடன் சட்டென்று எழவில்லை. ஒரு நொடி முனகிவிட்டுக் கிளம்பியது. முழு வேகத்திலும் காற்றுச் சத்தத்துக்கு அடியில் ஒரு கரகரப்பு. எஞ்சினை ஐடிலில் விட்டு, சுவிட்ச் ஒயரை எர்த்தில் பிடித்தபடி டி.சி. கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்வியே கரண்டை அளக்கும் மீட்டர்) பார்த்தால் 11 ஆம்பியர். இந்த அளவு ஃபேனுக்கு 6, 7 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. (சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதை அளக்கக் கூடாது, விலை குறைந்த மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது.) 11 ஆம்பியர் ஓடியும் ஃபியூஸ் போகவில்லை, ஏனென்றால் அது 15 ஆம்பியர் ஃபியூஸ். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் ஓடியது இதனால்தான்.

கூடவே வோல்டேஜும் பார்த்தாக வேண்டும். பேட்டரி முனையில் 13.6 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் 10.2. வழியில் 3.4 வோல்ட் காணாமல் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, ஃபேன் ஓடும்போதே ஒரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். ஃபியூஸ் ஹோல்டரில் 1.4, மோட்டார் கனெக்டரில் 0.9, எர்த் பக்கம் 0.4, மீதி 0.7 பழைய ஒயரிலும் சாவி சுவிட்சிலும். ஃபியூஸ் ஹோல்டரில் மட்டும் 1.4 வோல்ட்டை 11 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 15 வாட்டுக்கு மேல். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை டாஷ்போர்டுக்கு அடியில் எரியவிட்டது போல. ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்ததில் வியப்பில்லை.

பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, 10 எம்.எம். ஸ்பானரால் ஃபேன் கவரின் போல்ட்டுகளை எடுத்து, மோட்டாரோடு மொத்தமாக மேலே தூக்கலாம். தூக்கும் முன் ரேடியேட்டரின் பின்பக்கம் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். கவரின் விளிம்பு பட்டால் ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களான ஃபின்கள் தகடாக மடங்கும். இறக்கையைப் பிடிக்கும் நட் சில மோட்டார்களில் இடது மரையாக இருக்கும். வழக்கமான திசையில் அசையவில்லை என்றால் பலம் கொடுக்காமல் எதிர்த்திசையில் முயலுங்கள்.

இறக்கை கையில் வந்ததும்தான் மூல காரணம் தெரிந்தது. ஒரு இறக்கையின் முனையில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. உடைந்த விளிம்பில் அழுக்கு ஏறிக் கறுத்திருந்ததால் உடைந்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். எடை ஒரு பக்கம் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் ஒரே பக்கமாக உதறும். அந்த உதறலில், ஷாஃப்டைத் தாங்கும் முன்பக்க வளையமான புஷ் தேய்ந்து அகன்றுவிட்டது. ஷாஃப்ட் நுனியைப் பிடித்து ஆட்டினால் விரலுக்கே ஆட்டம் தெரிந்தது. புஷ் தேய்ந்ததால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) ஒரு பக்கம் சாய்ந்து காந்தத்தில் உரசியது. உரசியதால் கரண்ட் 11 ஆனது. 11 ஆம்பியரை வருடக்கணக்கில் சுமந்ததால் ஃபியூஸ் ஹோல்டர் கருகியது, கனெக்டர் இளகியது, கடைசியாக சுவிட்சின் காண்டாக்ட் எரிந்து நின்றது.

மோட்டாரைப் பிரிக்கும் முன் பின்மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு காந்தம் உள்ள மோட்டாரில் கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் துண்டு) இருக்கும் மூடியை அரைச்சுற்று திருப்பி மாட்டிவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். சுத்தியலால் தட்டவே கூடாது. காந்தங்கள் களிமண் ஓடு போன்றவை, உட்சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு அடியில் விரிசல் விடும், விரிசல் விட்ட துண்டு ஆர்மேச்சரைப் பிடித்துக்கொள்ளும். ஷாஃப்டில் இருக்கும் வாஷர்களை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

ஆர்மேச்சரில் காந்தம் உரசிய இடம் பளபளவென்று இருந்தது, ஆனால் கம்பிச்சுற்று (காயில்) தப்பியிருந்தது. பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் ஒவ்வொரு துண்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் இணைப்பே காட்டக் கூடாது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடையே எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் மாறினால் காயில் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போது மோட்டாரையே மாற்றுவதுதான் சரி. இங்கே எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. 600 நம்பர் எமரித் துண்டைச் சுற்றிப் பிடித்து கம்யூட்டேட்டரைத் துடைத்து, துண்டுகளுக்கு நடுவில் அடைத்திருந்த கார்பன் தூளை ஹேக்சா பிளேடின் முனையால் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தாயிற்று. கார்பன் பிரஷ் இரண்டும் 5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தன. இன்னும் கொஞ்ச காலம் ஓடும்தான், ஆனால் பிரித்த மோட்டாரில் பழைய கார்பனைத் திரும்பப் போடுவது வேலையைக் கெடுப்பதற்குச் சமம். புதுக் கார்பனை சால்டர் செய்யும்போது ஈயம் அதன் பின்னல் ஒயருக்குள் ஊறி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறினால் ஒயர் விறைத்துப்போய் பிரஷ் ஸ்பிரிங்கோடு நகராது.

புஷ்தான் இந்த வேலையின் உயிர். இது சாதாரண பித்தளை வளையம் இல்லை. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள், அதில் எண்ணெய் ஊறியிருக்கும். சூடானதும் எண்ணெய் கசிந்து ஷாஃப்டுக்கு வரும், ஆறியதும் உள்ளே போகும். லேத்தில் சாதாரண பித்தளையில் கடைந்து போட்ட புஷ் அதனால்தான் நிலைப்பதில்லை. ஷாஃப்டை வெர்னியரில் அளந்து அதே அளவில் புதிய புஷ் வாங்க வேண்டும். சென்னையில் என்றால் ஜி.பி. ரோடு வண்டி உதிரிபாகக் கடைகளில் கேட்கலாம். முழு மோட்டாரே தேவை என்றால் புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தை.

வாங்கி வந்த புஷ்ஷை அப்படியே அடிக்கக் கூடாது. ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே எஞ்சின் ஆயில் நிரப்பி, மறுபக்கத்தைச் சுட்டுவிரலால் மூடி அழுத்துங்கள். சில நொடியில் வெளிச்சுவரில் வியர்வை போல எண்ணெய் முத்து முத்தாகத் துளிர்க்கும். அப்படித் துளிர்த்தால் துளைகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். பிறகு ஒரு இரவு ஆயிலிலேயே ஊறப் போட்டுவிடலாம். ஷாஃப்ட் இறுக்கமாக இருக்கிறது என்று புஷ்ஷின் உட்புறத்தை எமரியால் தேய்த்துவிடாதீர்கள். துளைகள் அடைபட்டு, எண்ணெய் வராத புஷ் ஆகிவிடும். இரண்டு பக்கப் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் ஆர்மேச்சர் மறுபடி சாயும்.

மாட்டும்போது காந்தம் ஆர்மேச்சரை வெடுக்கென்று உள்ளே இழுக்கும், விரல் ஜாக்கிரதை. பிரஷ்களை மெல்லிய கம்பியால் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மூடியை உட்கார வைத்து, பிறகு கம்பியை உருவ வேண்டும். மூடிய பிறகு ஷாஃப்டை விரலால் சுற்றிப் பார்த்தால் காந்தத்தின் இழுப்பு மட்டும் விட்டுவிட்டுத் தெரிய வேண்டும், உரசல் தெரியக் கூடாது. இறக்கை புதிது. உடைந்த இறக்கையை ஒட்டுவதோ, எதிர் இறக்கையையும் அதே அளவுக்கு வெட்டிச் சமன் செய்வதோ வேண்டாம்.

இனி ஒயரிங். மோட்டாரின் முழுக் கரண்டையும் தெர்மோ சுவிட்ச் சுமப்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். ஒரு நான்கு முனை ரிலே போட்டால் அது தீர்ந்துவிடும். முன்பு மோட்டாருக்குப் போன பழைய ஒயர்கள் இரண்டும் இப்போது ரிலே காயிலுக்கு: ரிலே முனைகளில் பொறித்திருக்கும் எண்படி, சாவி வழியாக வரும் ஒயர் 86-க்கு, தெர்மோ சுவிட்ச் ஒயர் 85-க்கு. பேட்டரி பாசிட்டிவில் இருந்து 2.5 சதுர மி.மீ. புது ஒயர், பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. பிறகு 87-இல் இருந்து மோட்டார். மோட்டாரின் நெகடிவ், பெயின்ட் சுரண்டிய இடத்தில் நேராக பாடி எர்த். ரிலே காயில் இழுப்பது ஏறக்குறைய 0.15 ஆம்பியர்தான், சுவிட்சுக்கும் பழைய ஃபியூஸ் ஹோல்டருக்கும் இனி அவ்வளவே சுமை. கருகிய ஹோல்டரை அப்படியும் மாற்றியாயிற்று. ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்காது.

புது தெர்மோ சுவிட்சை வண்டியில் போடும் முன் அடுப்பில் சோதித்துவிடுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர், சுவிட்சில் மல்டிமீட்டரின் பீப் சத்தம். வாங்கியது 93 டிகிரியில் ஆன் ஆகி, ஆறும்போது 88-இல் ஆஃப் ஆனது. பழையது தண்ணீர் கொதித்தும் வாய் திறக்கவில்லை. ஒற்றை முனை சுவிட்ச் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. அதனால் டெஃப்ளான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றினால் ஒழுகாது, ஃபேனும் ஓடாது. கூட வரும் செம்பு வாஷர் போதும்.

சுவிட்ச் கழற்றியதில் போன கூலண்டுக்குப் பதில் கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, மூடி திறந்தபடி எஞ்சினை ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். போர்த்தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். தெர்மோஸ்டாட்டையும் இந்தச் சாக்கில் பிடுங்கி எறியும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் தண்ணீர் சேர்ந்து கசடாகும்.

மூடியைப் போட்டு மேலும் சூடாக்கியதும் முள் பாதிக்குச் சற்று மேலே வந்தபோது ஃபேன் எழுந்தது, முனகல் இல்லாமல். கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஒயர் மாறியிருக்கிறது, ஃபேன் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுகிறது. தாள் ஒட்டியது. கரண்ட் 6.4 ஆம்பியர். பேட்டரியில் 13.7, மோட்டாரில் 13.2 வோல்ட். ஃபேன் இரண்டு நிமிடத்துக்குள் தானாக நின்றது, மறுபடி எழுந்தது, மறுபடி நின்றது. மூன்று முறை இப்படி எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டே பானட்டை மூட வேண்டும்.

இரண்டு வாரம் ஓடிய பிறகு, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது புது ஃபியூஸ் ஹோல்டரையும் மோட்டார் கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். விரலை எடுக்க வைக்கும் சூடு என்றால் ஒயர் நுனியில் இருக்கும் உலோக முனை (லக்) சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது ஒயரை இறுக்கிப் பிடிக்கவில்லை. வெட்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.