ஒரு வளவும் இரண்டு தீர்ப்பும்

கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் தாய் விட்டுப்போன ஒரு வளவு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் நாலு பேர். மூத்தவள் மட்டும் அங்கேயே இருந்து வேலி அடைக்கிறாள், தேங்காய் பறிக்கிறாள், சோலைவரி கட்டுகிறாள். மற்ற மூவரும் வெளியூரில். இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. காணி முழுக்க இனி அவளுக்கா?

ஆட்சியுரிமை, அதாவது நீண்டகாலம் ஆண்டதால் வரும் உரிமை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் 3ஆம் பிரிவை மட்டும் வாசித்தால், ஆம் என்று சொல்லத் தோன்றும். எதிரிடையாக (மற்றவரின் உரிமையை ஏற்காமல்), இடையூறில்லாமல் பத்து வருஷம் ஆண்டால் போதும் என்கிறது அது. ஆனால் கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள் 'எதிரிடை' என்றால் என்ன என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அது முன்தீர்ப்புகளில், அதாவது நீதிமன்றங்கள் முன்பு கொடுத்த தீர்ப்புகளில்தான் இருக்கிறது.

முதலாவது, கொரயா எதிர் அப்புஹாமி, 15 என்.எல்.ஆர். 65. நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற இலங்கைத் தீர்ப்புத் தொகுப்பில் பதினைந்தாம் தொகுதி, 65ஆம் பக்கம் என்று பொருள். அந்நாளில் இலங்கை வழக்குகளுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911இல் கொடுத்த தீர்ப்பு. பங்குக்காரர் ஒருவர் காணிக்குள் போவது பங்குக்காரர் என்ற உரிமையில்தான். அதனால் அவர் ஆள்வது எல்லாருக்காகவும் ஆள்வதாகவே எடுக்கப்படும். மனதுக்குள் 'இனி எனக்கே' என்று நினைத்தால் அது மாறாது. மற்றவர்களை வெளியே தள்ளியதற்குச் சமமான ஒன்று நடந்திருக்க வேண்டும்.

மூத்தவள் தோற்றாள் என்று இதோடு புத்தகத்தை மூடுகிறவர்கள் பலர். பிழை அங்கேதான். 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன், 21 என்.எல்.ஆர். 12. இலங்கை உயர் நீதிமன்றத்தில் பல நீதியரசர்கள் சேர்ந்த முழு அமர்வு. பிரிவி கவுன்சில் சொன்னதை மீற அதற்கு அதிகாரமில்லை, மீறவுமில்லை. நீண்டகாலத் தனி ஆட்சியும் மற்றச் சூழ்நிலைகளும் இருந்தால், பத்து வருஷத்துக்கு மேல் முந்திய ஏதோ ஒரு நாளில் அது எதிரிடையாக மாறியதென்று ஊகிக்கலாம், அது சம்பவத்தைப் பொறுத்த கேள்வி என்றது. விதி அப்படியே இருக்க, அதை நிரூபிக்கும் வழி அகன்றது.

ஆகவே சட்டத்தரணியிடம் போகுமுன் சேர்க்க வேண்டியது வருஷக் கணக்கை மட்டுமல்ல. தேங்காய்க் காசில் தம்பிக்குப் பங்கு அனுப்பிய ரசீது இருந்தால் வழக்கு மெலியும். பங்கு கேட்டவரை 'உனக்கு இங்கே ஒன்றுமில்லை' என்று திருப்பிய கடிதம் இருந்தால் பத்து வருஷத்தை அந்தத் திகதியிலிருந்து எண்ணலாம். வரி ரசீதுக் கட்டை மட்டும் நம்பிப் போவது ஆபத்து.

வாசிக்கும்போது, தீர்ப்பின் தலைப்பில் உள்ள சுருக்கம் நீதியரசர் எழுதியதல்ல, தொகுத்தவர் எழுதியது. அதை மேற்கோள் காட்டாதீர்கள். முடிவுக்கு அவசியமான காரணமே கட்டுப்படுத்தும், அதுதான் றேஷியோ. 'இது அடைமானமாக இருந்திருந்தால்' என்று போகிற போக்கில் சொன்னது ஒபிட்டர், மதிப்புண்டு, கட்டாயமில்லை. எத்தனை நீதியரசர்கள் இருந்தார்கள் என்றும் எண்ணுங்கள்: பண்டாஹாமி எதிர் சேனநாயக்க (62 என்.எல்.ஆர். 313) அமர்வின் அளவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குகிறது. பிறகு வந்த தீர்ப்புகள் அதைப் பின்பற்றினவா, விலக்கினவா என்று கடைசி வருஷம் வரை தேட வேண்டும். இந்த வேலையைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. தமிழ்நாட்டில் 'உயர் நீதிமன்றம்' என்றால் மாநிலத்தின் பெரிய நீதிமன்றம். அங்கே உச்சியில் இருப்பது உச்ச நீதிமன்றம். நமக்கோ உயர் நீதிமன்றமே உச்சி, மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே. இந்தியத் தீர்ப்பு எந்த மட்டத்திலிருந்து வந்தாலும் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நல்ல வாதமாக எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துத் தீர்ப்புகளிலும் கவனம் வேண்டும். பங்காளிக்கு முதலில் விற்கச் சொல்லும் உரிமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையோடு, வட மாகாணக் காணியோடு ஒட்டியது. களுவாஞ்சிக்குடி வளவில் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோனால், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பிக் கேட்கும் முதல் கேள்வி காணி எந்த மாகாணத்தில் என்பதாகவே இருக்கும்.