ஒரு கடிதத்துக்கு நான்கு நடை

ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், வயது 26, ஆறு சுழற்சி கீமோ. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதுவாவது சொன்ன தேதிகளில் சொன்னபடி முடிந்தது. முடிந்து மூன்று மாதம் கழித்து, ஜிம்மில் சேர ஒரு மருத்துவக் கடிதம் வாங்கியதுதான் பெரும்பாடு.

எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு இருந்தது. உடற்பயிற்சி செய்தால் குறையும் என்றார் டாக்டர். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவளிடம் இதென்ன வேடிக்கை என்று தேடிப் படித்தேன். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது: வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், மிதமான வேகம். களைப்போடு பதற்றமும் மனச்சோர்வும் குறையுமாம்.

இது வெளியில் சொல்கிற காரணம். என் தோழிகள் நால்வரும் அந்த ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதே உண்மையான காரணம். சிகிச்சை தொடங்கியபோது தினமும் விசாரித்தவர்கள், நான்காவது சுழற்சிக்குள் பிறந்தநாள் படங்களை மட்டும் அனுப்பும் நிலைக்கு வந்திருந்தார்கள். கேட்டால், “உனக்குச் சிரமமாக இருக்கும் என்றுதான் கூப்பிடவில்லை.” சிரமமா இல்லையா என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

ஜிம் படிவத்தில், ஓராண்டுக்குள் பெரிய சிகிச்சை எதுவும் எடுத்தீர்களா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று போட்டுவிடு, யாருக்குத் தெரியும் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். நான் எடுத்த மருந்துகளில் டாக்ஸோரூபிசின் இதயத்தையும் பிளியோமைசின் நுரையீரலையும் பாதிக்கக்கூடியவை. ‘ஆம்’ என்று குறித்தேன். டாக்டர் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள்.

முதல் நடை. மருத்துவமனைக் கவுன்ட்டரில் இருந்தவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு அம்மாவைப் பார்த்து, “எத்தனையாவது சுழற்சி நடக்கிறதம்மா?” என்றார். அம்மா என் பக்கம் கை காட்டினாள். அவர் அரை அங்குலம் வளர்ந்திருந்த என் முடியைப் பார்த்தார், பிறகு கணினியைப் பார்த்தார். “இந்த வயதில் ஓய்வெடுக்காமல் ஜிம் எதற்கு? அதற்கெல்லாம் எங்களிடம் படிவம் கிடையாது.” டாக்டர் விடுப்பில் இருக்கிறார் என்பதை, நாங்கள் எழுந்து கிளம்பிய பிறகு சொன்னார்.

இரண்டாம் நடையில் டாக்டர் இருந்தார். என்னிடம் காகிதம் இல்லை. கீமோவுக்கு முன் எடுத்த எக்கோ, அதாவது இதய ஸ்கேன், வீட்டில் கிடந்தது. அதோடு ஒப்பிடாமல் புதிய எக்கோவை வைத்து என்ன சொல்வது என்றார், நியாயம்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்ஸோரூபிசின் மொத்த அளவையும் எழுதாமல் விட்டிருந்தார்கள். ஆறு சுழற்சிக்கும் சேர்த்து, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். 250-ஐத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து கூடிய பிரிவில் வைத்துப் பார்க்கிறார்கள். சிகிச்சை முடிகிற அன்றே அந்த எண்ணை எழுதச் சொல்லி வாங்கிவிடுங்கள். பிறகு எத்தனை மேசை ஏறி இறங்கினாலும் ஆள் கிடைப்பதில்லை.

எக்கோவும் நுரையீரல் சோதனையும் சிக்கலின்றி முடிந்தன. மூன்றாம் நடை பிசியோதெரபிஸ்ட்டிடம், ஆறு நிமிட நடைச் சோதனைக்கு. அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் நால்வரில் ஒருத்தியைத் தயங்கித் தயங்கி அழைத்தேன். உடனே வந்துவிட்டாள். 30 மீட்டர் நடைவழி, இரு முனையிலும் ஒரு கூம்பு, என் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். பயிற்சிக்கு வந்திருந்த பையன் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினான். மூன்றாவது சுற்றில் என் தோழி பெஞ்சிலிருந்து எழுந்து பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். அலுவலகத்தில் அவள் மேலாளர் கூட்டத்தில் தூங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சிரித்தேன். பேச முடிந்தது, மூச்சு திணறவில்லை. 16 முறை கடந்திருந்தேன், 480 மீட்டர்.

அப்போது உள்ளே வந்த பிசியோதெரபிஸ்ட், “இது செல்லாது” என்றார். கூட யாரும் நடக்கக் கூடாதாம், வேகம் மாறிவிடுமாம். இடையில் உற்சாகப்படுத்தச் சொல்லும் வார்த்தைகளுக்குக்கூட விதி இருக்கிறது. அடுத்த நோயாளி காத்திருந்ததால் இன்னொரு நாள் வரச் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு எரிச்சல், ஆனால் அவள் மேல் இல்லை.

நான்காம் நடை, தனியாக. நடைவழியில் என் செருப்புச் சத்தம் மட்டும். 400 மீட்டர். பிசியோதெரபிஸ்ட் தன் கையாலேயே எழுதினார்: எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். முதல் நாளே இவரைக் கேட்டிருந்தால் இரண்டு நடை மிச்சம். கவுன்ட்டரில் இப்படி ஒருவர் இருப்பதையே சொல்லவில்லை.

ஜிம்மில் அந்தக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள். நல்லவேளை, நகல் எடுத்து வைத்திருந்தேன். அதில் 400-ஐ அடித்துவிட்டு, மேலே பென்சிலால் 480 என்று எழுதியிருக்கிறாள் அவள்.