சுண்டக் கூடாது: இபெரா சதுப்பில் டொராடோவோடு ஐந்து நாட்கள்

ஏழு டொராடோ மீன்களைத் தவறவிட்ட பிறகு எட்டாவது நின்றது. நான்காம் நாள் காலை ஒன்பதரை மணி, கைடின் தராசில் நாலரை கிலோ. உடம்பு முழுக்கப் பொன் நிறம். ஒவ்வொரு செதிலிலும் ஒரு கரும்புள்ளி. அவை சேர்ந்து தலையிலிருந்து வால் வரை கோடு கோடாக ஓடுகின்றன. வாலின் நடுவில் மையால் இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை. தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றி, வாய் எதிர்த் தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு பத்து நிமிடம் எனக்கு லைனை வீச முடியவில்லை, கை அப்படி நடுங்கியது.

முள்ளில் முடி கட்டிச் செய்யும் போலி இரையான ஃப்ளையோடு மீன் பிடிக்க, மூன்று வருடம் பணம் சேர்த்துப் போன பயணம் இது. டொராண்டோவிலிருந்து புவெனஸ் ஐரெஸ், அங்கே ரெத்தீரோ நிலையத்தில் இரவுப் பேருந்து, விடிந்ததும் மெர்செதெஸ் ஊர், அப்புறம் லாட்ஜ் வண்டியில் மண் ரோடு. ராடு, லைன் எடை, டபுள் ஹால் (வீசும்போது லைனை இரு முறை இழுக்கும் உத்தி) பற்றியெல்லாம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை. என்னை மூன்று நாள் அலைக்கழித்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன்: மீன் கடித்த அந்த அரை நொடியில் கை என்ன செய்ய வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இபெரா என்றால் குவரானி மொழியில் மினுங்கும் தண்ணீர். அர்ஜென்டினாவின் வடகிழக்கில், கொரியெந்தெஸ் மாகாணத்தில் 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் சதுப்பு. பரானா ஆறு பழங்காலத்தில் ஓடிய தடம். ஆறு விலகிப் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் மழைதான் இதை நிரப்புகிறது. சேற்றை அள்ளிக்கொண்டு வரும் ஆறு இல்லாததால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. தென்மேற்கில் கொரியெந்தே ஆறு வழியாக மெல்ல வடிந்து மறுபடி பரானாவிலேயே சேர்கிறது. அந்த வடிகால் பக்கத்து வாய்க்கால்களில்தான் எங்கள் படகு. கரை மாதிரித் தெரிவது கரையே இல்லை. வேரும் மக்கிய இலையும் பின்னி மிதக்கிற மெத்தை, எம்பால்சாதோ என்கிறார்கள். அதன் ஓரத்துக்கு அடியில் இருட்டு. டொராடோ அந்த இருட்டில் நின்றுகொண்டு, நீரோட்டத்தோடு வரும் சின்ன மீனுக்காகக் காத்திருக்கும்.

இதன் அறிவியல் பெயர் சால்மினஸ். ஆனால் சால்மனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, பிரானாவின் சொந்தக்காரன். கடலில் இருக்கும் டொராடோவும் வேறு. இங்கே ஆற்றுப்புலி என்கிறார்கள். தாடையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்: முழுக்க எலும்பு, வரிசையாகக் கூம்புப் பற்கள். முள் இறங்குவதற்கு மெத்தென்ற இடமாக வாயின் மூலையை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மீன் பிடிக்கக் கற்றது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு குளத்தில், மாமாவிடம். மண்புழு, தக்கை, மூங்கில் கம்பு. தக்கை முங்கியதும் மாமா கத்துவார்: "சுண்டுடா!" கம்பை மேலே வெடுக்கென்று ஒரு சுண்டு. கெண்டையோ கெளுத்தியோ, சுண்டினால்தான் மீன். பிறகு கனடா வந்து கிராண்ட் ஆற்றில் டிரவுட் பிடிக்கப் பழகியபோதும் அதேதான். சின்ன முள், மெல்லிய நரம்பு. ராடைத் தூக்கினால் போதும். ஆக, முப்பது வருடமாக என் கைக்குத் தெரிந்தது ஒரே திசை, மேலே.

முதல் நாள் மூன்று மீன் போனது. மூன்றும் ஒரே மாதிரி. எம்பால்சாதோ ஓரத்தில் ஃப்ளை விழுகிறது, இரண்டு இழுப்பு, கீழிருந்து ஒரு மஞ்சள் மின்னல், லைனில் பேயறை. நான் ராடைத் தூக்குகிறேன். மீன் ஒரு பாகம் உயரத்துக்கு எம்பிக் குதிக்கிறது, தலையை உதறுகிறது, ஃப்ளை தனியாக என் பக்கம் பறந்து வருகிறது. கைடு ஒவ்வொரு முறையும் ஸ்பானிஷில் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "நோ லெவாந்தெஸ்!" தூக்காதே. அடுத்து, "தீரா!" இழு. தலையாட்டிவிட்டு அடுத்த மீனுக்கும் தூக்கினேன். இரண்டாம் நாளும் மூன்று.

அன்று மாலை லாட்ஜ் முற்றத்துப் புல்லில் கைடு ஒரு காரியம் செய்தார். மீன் நிறுக்கும் தராசை வேலிக் கம்பத்தில் கட்டினார், என் லீடரை, அதாவது லைன் முனையில் ஃப்ளைக்கு முன் வரும் நரம்பை, அதன் கொக்கியில் மாட்டினார், பன்னிரண்டு மீட்டர் தள்ளி என்னை நிறுத்தி, மீன் கடித்ததாக நினைத்து ராடைத் தூக்கச் சொன்னார். என் பலத்தையெல்லாம் போட்டுத் தூக்கினேன். ராடு அழகாக வளைந்தது. தராசு முள் அரை கிலோவைத் தாண்டவில்லை. அடுத்து ராடு நுனியை லைனுக்கு நேராகத் தாழ்த்தி வைத்து, இடது கையால் லைனை மட்டும் இழுக்கச் சொன்னார். சாதாரணமாக இழுத்ததிலேயே இரண்டரை கிலோ.

நான் நம்பாமல் ஆறு தடவை செய்து பார்த்தேன். வித்தியாசம் மாறவே இல்லை. யோசித்தால் நியாயம்தான். எட்டாம் எண் ராடு வளைவதற்கென்றே செய்தது; தூக்கும்போது நம் பலத்தை அதன் மென்மையான நுனி குடித்துவிடுகிறது. நேராக இழுத்தால் நடுவில் வளைய எதுவும் இல்லை, கையின் பலம் அப்படியே முள்ளுக்குப் போகிறது. 3/0 அளவு தடித்த முள்ளை எலும்புத் தாடையின் மூலையில் ஏற்ற அரை கிலோ எந்த மூலைக்கு? அந்த ஏழு மீன்களும் முள் குத்தி அறுந்து போனவை அல்ல என்று இப்போது தெரிகிறது. ஃப்ளையைப் பல்லால் கவ்விப் பிடித்திருந்தன, அவ்வளவுதான். முள் வாய்க்குள் நகரவே இல்லை. குதித்து வாயைத் திறந்ததும் துப்பிவிட்டன.

இன்னொரு லாபமும் உண்டு. தூக்கினால் ஃப்ளை தண்ணீரை விட்டே வெளியே வந்துவிடும். இழுத்தால், மீன் தவறவிட்டிருந்தாலும் ஃப்ளை ஒரு முழம்தான் முன்னே ஓடியிருக்கும். தப்பித்து ஓடும் இரை மாதிரி. டொராடோ திரும்பி வந்து இரண்டாம் முறை அடிப்பதை ஐந்தாம் நாள் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கைக்கு வருவது வேறு. மூன்றாம் நாள் ஒரே ஒரு கடி, இந்த முறை தூக்கவில்லை, இழுத்தேன், அதுவும் போனது. அங்கேதான் எந்த வீடியோவிலும் எனக்குக் கிடைக்காத ஒன்றைக் கண்டுபிடித்தேன். நான் லைனை நீள நீளமாக இழுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு இழுப்பும் இடுப்புக்குப் பின்னால் வரை. மீன் அடித்தபோது என் இடது கை ஏற்கெனவே பின்னால் இருந்தது. இழுக்க இடமே இல்லை! கையை முன்னே கொண்டுபோய் லைனை மறுபடி பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

நான்காம் நாள் இழுப்பைக் குறைத்தேன். ஒரு ஜாண், ஒன்றரை ஜாண், ஆனால் வேகமாக. கை எப்போதும் வயிற்றுக்கு முன்னாலேயே இருக்கும். எந்த நொடியில் அடித்தாலும் பின்னால் ஒரு கை நீளம் மிச்சம். ராடு நுனி தண்ணீரைத் தொட்டபடி, இல்லையென்றால் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே தொங்கும் லைன் பலத்தைத் தின்னும். அடி விழுந்ததும் ஒரு நீண்ட இழுப்பு, இன்னொன்று, மூன்றாவதும். மீன் ஓடத் தொடங்கிய பிறகுதான் ராடு, அதுவும் பக்கவாட்டில், தாழ்வாக. காலை ஒன்பதரைக்கு அது நடந்தது. மூன்றாவது இழுப்பில் முள் ஏதோ கட்டியான ஒன்றில் ஏறியது விரலிலேயே தெரிந்தது. கைடு "தீரா" சொல்வதற்கு முன்பே நான் இழுத்திருந்தேன், அதில் எனக்கு இன்றுவரை பெருமை. ஐந்தாம் நாள் இரண்டு மீன், இரண்டுமே கைக்கு வந்தன.

மற்ற சாமான்கள் பற்றிக் குறிப்பாகச் சில.

லைன்: கனடாவில் பைக் மீனுக்கு வைத்திருந்த குளிர்நீர் லைனைக் கொண்டுபோனது தவறு. மார்ச் மாத வெயிலில் வெந்த நூடுல்ஸ் மாதிரித் துவண்டு, வளையங்களில் ஒட்டியது. வெப்பநாட்டு லைன் கட்டாயம். லாட்ஜில் இரவல் வாங்கித்தான் சமாளித்தேன்.

கம்பி லீடர்: இது என் பெரிய மனக்குறை. ஆன்லைனில் ஒரு கடையில், முடிச்சுப் போடலாம் என்று எழுதியிருந்த பூச்சுக் கம்பியை வாங்கினேன். இரண்டு பிரானா கடித்ததும் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டுகொண்டது, ஃப்ளை தண்ணீரில் பக்கவாட்டில் நீந்தியது. கைடு கொடுத்தது பூச்சில்லாத, பல இழை முறுக்கிய கம்பி. அது சுருளவே இல்லை. 20 சென்டிமீட்டர் போதும், மேலே 40 பவுண்டு நரம்பு. கம்பியை நீளமாக வைத்தால் ஃப்ளை மடங்கி விழுகிறது.

ஃப்ளை: லெஃப்டி கிரே உருவாக்கிய டிசீவர் வகைதான் கட்டிக்கொண்டு போனேன். கறுப்பும் ஊதாவும், 14 சென்டிமீட்டர். 24 கொண்டுபோனதில் 15 முடிந்தது. முடித்தது டொராடோ அல்ல, பிரானா. வாலைக் கத்தரித்த மாதிரி நறுக்கிவிடுகிறது. அடுத்த முறை நீளத்தை வால் முடியில் வைக்காமல், முள்ளின் கழுத்துப் பக்கத்திலிருந்து பின்னோக்கிக் கட்டப் போகிறேன். மான் வால் முடிக்குக் கவலையில்லை. நவம்பரில் வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர் எனக்கென்று எடுத்து வைப்பார், உப்பும் போராக்ஸும் போட்டுக் காயவைத்தால் போதும். கடை முடியைவிட இது நீளம் அதிகம். முள்ளை ஒவ்வொரு மீனுக்கும் பிறகு அரம் போட வேண்டும். கட்டைவிரல் நகத்தில் வைத்தால் வழுக்கக் கூடாது, குத்தி நிற்க வேண்டும்.

மீன் கடிக்காத மதிய நேரங்களையும் நான் வீண் என்று சொல்லமாட்டேன். கார்பின்சோ என்கிற கபிபரா குடும்பம் குடும்பமாகப் படகைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சதுப்பு மான் ஒன்று கழுத்தளவு தண்ணீரில் மேய்ந்தது. 2022 தொடக்கத்தில் இந்த மாகாணத்தை எரித்த பெருந்தீயின் தடம் சில மேடுகளில் இன்னும் இருக்கிறது, கருகிய அடிமரத்தோடு பனை இன மரங்கள். இபெரா 2018 முதல் தேசியப் பூங்கா. பல பத்தாண்டுகளாக அங்கே இல்லாமல் போயிருந்த ஜாகுவாரை 2021 முதல் மறுபடி விட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடும் சிபாவைத் தினமும் ஆறேழு தின்றேன். மெர்செதெஸுக்கு வெளியே சாலையோரம் கவுச்சித்தோ ஹில் என்கிற நாட்டார் புனிதரின் சன்னதி, எங்கு பார்த்தாலும் செங்கொடி. வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுத்தான் கடந்தார். எங்கள் ஊர் எல்லையில் சுடலைமாடனுக்கு லாரிக்காரர்கள் செய்வது அப்படியே.

அடுத்து கொன்கோர்தியா போக ஆசை. உருகுவாய் ஆற்றில் சால்தோ கிராந்தே அணைக்குக் கீழே. சதுப்பில் கிடைப்பதெல்லாம் சின்னவை, அங்கே 10 கிலோவுக்கு மேல் கிடைப்பது சாதாரணம் என்கிறார்கள். 25 கிலோவைத் தாண்டிய உலக சாதனை மீன் 2006-இல் அந்த ஆற்றில் பிடிபட்டதுதான். ஆனால் அதற்கு மறுபடி பணம் சேர்க்க வேண்டும். அதுவரை ஜூனில் இங்கே கனடாவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி, பைக் இனத்துப் பெரிய மீன்.

மஸ்கியில்தான் ஒரு புதுச் சிக்கல். அது படகு வரை பின்தொடர்ந்து வந்து, ராடு நுனியால் தண்ணீரில் எட்டுப் போடும்போதுதான் பாதி நேரம் கடிக்கும். வெளியே இருப்பது ஒரு மீட்டர் லைன், இழுக்கத் தோதே கிடையாது. வீட்டுக் கீழ்த்தளத் தூணில் தராசைக் கட்டி வைத்திருக்கிறேன், தினமும் ஐம்பது இழுப்பு. நேராக இழுத்தால் இப்போது 2.8 கிலோ வருகிறது. எட்டின் வளைவில், ராடைத் தாழ்வாக வைத்துப் பக்கவாட்டில் வெட்டினால் நேற்று 1.1. ராடின் அடிப்பாகத்தை முழங்கையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்ததில் இன்று 1.4.