வீட்டு வேலைக் காண்ட்ராக்டும் நுகர்வோர் சட்டமும்

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கங்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி சொல்வார், வீட்டுக்காரர் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், அட்வான்ஸ் கைமாறும், அதற்குமேல் எழுத்து எதுவும் இராது. வேலை கெட்டுப்போனால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் ஆணையம் என்றால் செல்போனுக்கும் காப்பீட்டுக்கும்தான் என்ற எண்ணம் நன்கு படித்தவர்களிடமும் இருக்கிறது. அது சரியன்று.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993இல் செய்த திருத்தம், வீடு கட்டித் தருவதையும் ‘சேவை’ என்பதற்குள் வெளிப்படையாகச் சேர்த்தது. அதே ஆண்டில் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றமும், வீட்டுக் கட்டுமானத்தில் ஏற்படும் குறைபாடு நுகர்வோர் மன்றத்தின் (இன்றைய நுகர்வோர் ஆணையம்) விசாரணைக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலையை அப்படியே வைத்திருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மனையையும் அடுக்குமாடி வீட்டையும் விற்பவர்களைக் கட்டுப்படுத்துவதற்கானது. நம்முடைய சொந்த வீட்டில் டைல்ஸ் மாற்றவோ மாடி ஒழுகலை அடைக்கவோ வருகிற காண்ட்ராக்டரை அது தொடாது. ஆகவே நமக்குக் கைகொடுக்கக் கூடியது நுகர்வோர் சட்டமே.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சிமெண்டும் எம்-சாண்டும் நாமே வாங்கிப் போட்டு, நாள் கூலிக்குக் கொத்தனாரையும் சித்தாளையும் வைத்து, இன்றைக்கு இதைச் செய், நாளைக்கு அதைச் செய் என்று நாமே நின்று வேலை வாங்கினால், அது முதலாளி-தொழிலாளி உறவு என்று எதிர்த் தரப்பு வாதிட இடமுண்டு; அத்தகைய தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தைச் சட்டம் சேவையாகக் கருதுவதில்லை. சதுர அடிக் கணக்கிலோ மொத்தத் தொகையிலோ வேலையை ஒப்படைத்துவிட்டால் நிலை வேறு. மெட்டீரியலோடு கொடுத்தாலும் லேபர் காண்ட்ராக்டாகக் கொடுத்தாலும் அது சேவைதான். வீட்டின் முன்பக்கம் வாடகைக்கு விடக் கடைகள் கட்டுபவர்களுக்கு, ‘இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்ற எதிர்ப்பு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா மகன் வீட்டு மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்தவருடைய பாக்கெட் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். தேதி, தொகை, பக்கத்தில் ஒரு டிக். எந்த வேலைக்கு, எத்தனை அடிக்கு, எந்தக் கம்பெனி ரசாயனம் என்று ஒரு சொல் இல்லை. அண்ணன் ரசீது கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி பதினெட்டு பர்சென்ட் சேருங்க சார், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று பதில் வந்தது. இந்தப் பதிலை எல்லோரும் நம்பிவிடுகிறோம். செய்த சேவைக்கு ரசீது தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ரசீது கிடைக்காத இடத்தில் பணத்தை ஜிபே வழியாக அனுப்பி, ‘மாடி வேலை, இரண்டாம் தவணை’ என்று குறிப்பும் எழுதினால் அதுவே ஆவணமாகும். முதல் நாளே ஒரு தாளில் அளவு, பொருளின் பெயர், தவணை, முடிக்கும் தேதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுவது இன்னும் நல்லது. இது காண்ட்ராக்டருக்கும் பாதுகாப்புதான். பாதி வேலையில் இன்னொரு அலமாரி, இன்னொரு சன்ஷேட் என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் கூடுதல் பணம் கேட்டால் ஏமாற்றுகிறான் என்று கத்துகிற வீட்டுக்காரர்கள் நம் ஊரில் குறைவில்லை.

கோடையில் பூசிய மாடி ஐப்பசி மழையில்தான் தன் குணத்தைக் காட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடி, கீழே அறையின் பட்டியும் பெயின்டும் உப்பிப் பெயர்ந்து விழும்போது, உடனே வேறொரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கொத்தி எடுக்கச் சொல்வதே வழக்கம். வழக்குப் போட எண்ணமிருந்தால் அதைச் செய்யக் கூடாது. கொத்தி எடுத்தபின் முதல் வேலை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இராது. தேதி தெரியும்படி படம் எடுத்து, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கி, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வழக்கு தொடுத்த பின், ஆணையத்தின் சார்பில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞரையும் (வழக்கறிஞர் ஆணையர்) பொறியாளரையும் நியமிக்கும்படி மனுச் செய்யலாம். இத்தகைய வழக்குகள் சட்டம் இல்லாததால் தோற்பதைவிட நிபுணர் அறிக்கை இல்லாததால் தோற்பதே அதிகம் என்பது என் கணிப்பு.

காண்ட்ராக்டருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம். ஓசூரில் குடியிருந்துகொண்டு பாலக்கோட்டுப் பூர்வீக வீட்டைச் சீரமைத்தவர் இப்போது தன் மாவட்டமான கிருஷ்ணகிரியிலேயே புகார் கொடுக்கலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. புகார் கொடுப்பதற்கான காலக்கெடு 2 ஆண்டுகள். ‘மழை விடட்டும், வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லியே இந்தக் காலத்தைக் கரைத்துவிடுவார்கள் என்பதால் நாள் கணக்கை நாம்தான் வைத்திருக்க வேண்டும். காண்ட்ராக்டர் பதிலுரை தர 30 நாட்களும், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாட்களும் உண்டு. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 3 மாதங்களில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டாம்.

தீர்ப்பை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மேல்முறையீட்டுக்குப் போவதானால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். இவற்றை அறிந்த காண்ட்ராக்டர் பெரும்பாலும் இடையிலேயே சமாதானம் பேச வருவார். அப்போதும் வாய்ப்பேச்சோடு வழக்கை வாபஸ் வாங்காமல், எந்தத் தேதிக்குள் எந்த வேலையைச் செய்து தருவார், எவ்வளவு திருப்பித் தருவார் என்பதை எழுதி ஆணையத்தின் முன் தாக்கல் செய்து, அதன் அடிப்படையில் உத்தரவு பெற்றுக்கொள்ள வேண்டும்.