டி.பி.ஏ. போட்டிக்கு முன்பே கேட்டு வைத்த கேள்விகள்

எங்கள் கிளப்பின் டி.பி.ஏ. ஒருநாள் போட்டிக்கு விதிக் கேள்விகளைத் திரட்டும் வேலை என்னிடம் வந்தது. வருகிறவர்கள் முன்கூட்டியே கேள்வி அனுப்பலாம், நடுவர் பதில் சொல்வார், அந்தத் தாள் எல்லா மேசையிலும் இருக்கும் என்பது ஏற்பாடு. போட்டி முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: டி.பி.ஏ. என்பது ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாட்டிஸ்’ என்ற ஆட்டத்தின் சுருக்கம். பண்டைய, இடைக்காலப் போர்களைச் சிறு பொம்மைகளை வைத்து மேசையில் ஆடுவது. ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் எழுதி 1990-ல் வந்தது; இப்போது பெரும்பாலானோர் ஆடுவது 2014-ல் வந்த 3.0. ஒரு படைக்கு 12 எலிமென்ட், அதாவது பொம்மைகள் ஒட்டிய 12 பேஸ். 15 மி.மீ. பொம்மை என்றால் பேஸ் அகலம் 40 மி.மீ. ஒவ்வொரு முறையும் ஒரு பகடை போட்டு, விழும் எண்ணுக்கு ஏற்ப நகர்த்தலாம். வழக்கமாக 4 எலிமென்ட் இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்தவர் தோற்றார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால்தான் ஒரே நாளில் பல சுற்று வைக்க முடிகிறது.

விதி சுருக்கமாக இருப்பதே இதன் அழகு, தலைவலியும் அதுதான். பார்க்கர் ஒரு வாக்கியத்துக்குள் நான்கு நிபந்தனைகளை அடைத்து வைப்பார். படிக்கும்போது புரிந்த மாதிரி இருக்கும். மேசையில் இரண்டு பேஸ் கோணலாக நிற்கும்போதுதான் ‘அல்லது’ எங்கே முடிகிறது என்று தேடுவோம்.

முதலில் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் பயன்படவில்லை. “த்ரெட் ஜோனில் இருந்தால் எப்படி நகரலாம்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு எலிமென்டுக்கும் முன்னால் ஒரு பேஸ் அகலச் சதுரம் அதன் மிரட்டல் எல்லை. அதற்குள் மாட்டியவர் அந்த எதிரிக்கு நேராக வரிசைப்படலாம், அவனை நோக்கிப் போகலாம், அல்லது நேர் பின்னால் விலகலாம். புத்தகமே சொல்லும் பதில் இதுதான், அதை நடுவர் திருப்பிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்டவரைக் கூப்பிட்டுப் பேசினால் அவர் மனதில் இருந்தது வேறு: இரண்டு எதிரிகளின் எல்லை ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் தன் குதிரைப்படை நிற்கிறது, யாருக்கு நேராகத் திரும்புவது? அது நல்ல கேள்வி. ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஆனால் நகர்த்தும் முன் யார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார் நடுவர்.

அதற்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டேன். கேள்வியோடு படம் வேண்டும். மேசையில் பேஸ்களை வைத்து மேலிருந்து ஒரு போட்டோ, அல்லது காகிதத்தில் நான்கு கட்டம். இது யாருடைய முறை, அடுத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி. வந்த கேள்விகள் பாதியாகக் குறைந்தன. படம் வரையும்போதே பலருக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மிக அதிகம் பேச வைத்தது ஈட்டிப்படை. 2.2 பதிப்பில் ஈட்டிக்காரர்களுக்குப் பின்வரிசை ஆதரவு இருந்தது, 3.0-வில் அது பக்கத்து எலிமென்ட் தரும் ஆதரவாக மாறியது. மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாப்லைட் எனும் கிரேக்க ஈட்டி வீரனின் கேடயம் அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனையும் மறைத்தது. அதனால் ஒவ்வொருவனும் வலப்பக்கத்தானின் கேடயத்துக்குள் ஒடுங்கப் பார்க்க, படை முழுக்க வலதுபுறமாக நகரும் என்று கி.மு. 418 மான்டினியா போரைச் சொல்லும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் பலம் என்பதை ஒரு எண்ணில் சொல்லிவிடுகிறது புது விதி.

சரி, கேள்வி என்ன? மூன்று ஈட்டி எலிமென்ட் வரிசையாக நிற்கின்றன, எதிரே மூன்று ரோமப் படை. ரோமர் முறை. எந்தச் சண்டையை முதலில் தீர்ப்பது என்பதை முறைக்கு உரியவர்தான் முடிவு செய்வார். அவர் நடுவில் இருப்பதை முதலில் எடுக்கிறார், நடு ஈட்டி தோற்றுப் பின்வாங்குகிறது. இப்போது இரு ஓரத்து ஈட்டிகளுக்கும் ஆதரவு போச்சா, இல்லை, முறை தொடங்கியபோது இருந்தது என்பதால் உண்டா?

போச்சு. ஒவ்வொரு சண்டையும் அது நடக்கும் நேரத்து நிலையை வைத்துத்தான். ஒரே ஒரு புள்ளிதானே என்று விட முடியாது. சண்டையில் இருவரும் ஆளுக்கொரு பகடை போட்டு, விழுந்த எண்ணோடு தங்கள் படையின் எண்ணைக் கூட்டுவார்கள். ரோமக் கத்திப்படையின் எண் காலாட்களுக்கு எதிராக 5. ஈட்டி 4, ஆதரவோடு 5. ரோமர் பகடையில் 5, நமக்கு 1 என்று வையுங்கள். ஆதரவு இருந்தால் 10-க்கு 6, பின்வாங்கித் தப்பிக்கலாம். இல்லையென்றால் 10-க்கு 5. எதிரியின் பாதி அல்லது அதற்குக் குறைவு என்றால் அழிவு. பகடையில் அதே எண்கள்தான், எலிமென்ட் மேசையை விட்டு வெளியே.

இதைத் தாளில் படத்தோடு போட்டதும், கிரேக்கர் வைத்து ஆடும் தம்பி ஒருவன் என்னிடம் வந்து, “அண்ணா, அப்ப நம்ம முறையிலயும் ஓரத்திலிருந்துதானே ஆரம்பிக்கணும்?” என்றான். ஆமாம். பலவீனமான இடத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். இந்த ஒரு பதிலுக்காகவே தாள் தயாரித்தது பிரயோஜனம்.

என் படை பண்டைய இந்தியர்: யானை, தேர், நிறைய வில். (தமிழர்–சிங்களவர் படைக்கும் தனிப் பட்டியல் உண்டு, அதற்கான பொம்மைகள் இன்னும் பெயின்ட் ஆகாமல் டப்பாவில் கிடக்கின்றன.) யானைக்குப் பின்னால் ஆள் நிறுத்தக் கூடாது என்பதற்குக் கேள்வி அனுப்பத் தேவையில்லை, கி.மு. 326-ல் ஜீலம் கரையில் அலெக்சாண்டரோடு நடந்த போரில் போரஸின் யானைகள் சொந்த ஆட்களையே மிதித்தது எல்லோருக்கும் தெரியும். வில்லில்தான் பிரச்சினை. பழைய பதிப்பில் ஆடி வளர்ந்தவர்களுக்கு எட்டும் தூரம் 200 தப்படி, 15 மி.மீ. அளவில் 5 செ.மீ. 3.0-வில் 3 பேஸ் அகலம், அதாவது 12 செ.மீ. ஒரு பெரியவர் 7 செ.மீ. தள்ளி நிம்மதியாக நின்றார், நான் மூன்று வில்லையும் அவர் ஒரே எலிமென்ட் மேல் திருப்பினேன். கூடுதல் வில் ஒவ்வொன்றுக்கும் இலக்குக்கு ஒன்று கழியும், இரண்டு வரைக்கும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நகர்த்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போட்டியில் அப்படிச் செய்யலாமா என்று நடுவர் புருவம் தூக்கினார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

மேசை அளவு கேட்ட கேள்வி ஒரு வரியில் முடிந்தது: 600 மி.மீ. மேசையில் மூலையில் ஒளிய இடமில்லை, 800-ல் இலகு குதிரைக்குக் கொண்டாட்டம். நாங்கள் 600 வைத்தோம். குதிரைக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

அன்று நடுவரைக் கூப்பிட்ட தகராறுகளில் தாளில் இல்லாதவை எல்லாமே ஒரே வகை. கோணம். இவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பேஸ் மூலை தொடுகிறது, அவர் பக்கத்திலிருந்து இடைவெளி தெரிகிறது. இதற்கு எந்த விதியும் பதில் சொல்லாது. நடுவர் செய்தது: பகடை போடும் முன் இருவரும் ஒத்துக்கொண்டதே கணக்கு, ஒத்துப்போகாவிட்டால் ஒரு பகடை, 4-க்கு மேல் விழுந்தாலும் சரி, 4 என்றாலும் சரி, தொடுகிறது. பகடை விழுந்த பிறகு எழுப்பும் ஆட்சேபம் செல்லாது. இரண்டாம் சுற்றிலிருந்து ஆட்டக்காரர்களே, “இது தொடவில்லை, ஒத்துக்கொள்கிறீர்களா?” என்று சொல்லிச் சொல்லி நகர்த்தினார்கள். சத்தம் கூடியது, சண்டை குறைந்தது.

தீராமல் நிற்பது நேரம். மணி அடித்தபோது ஒரு மேசையில் ஒருவருக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைத்திருந்தது, அதில்தான் அவர் ஜெயித்தார். சதுரங்கக் கடிகாரம் வைக்கலாம் என்கிறான் அந்தத் தம்பி. ஆனால் எதிரியின் முறையிலும் நான் வில் எய்கிறேன், பகடை போடுகிறேன். அந்த நேரம் யார் கணக்கில் ஓட வேண்டும்? வீட்டு மேசையில் கடிகாரத்தோடு ஆடிப் பார்க்கப்போகிறோம். அவன் கிரேக்கர், நான் யானை.