சித்திரை ராத்திரிக்கு மத்தியான வெயில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னும் நாலு காற்றாலை வைத்தால் ராத்திரி கரண்டுக்குக் கவலையே இருக்காது என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி கேட்கும். கணக்கு இடிக்கிறது. அம்மியைப் பறக்க வைக்கிற காற்று ஆடியில்தான். கரண்ட் தேவை உச்சிக்குப் போவதோ சித்திரையில். 2024 மே தொடக்கத்தில் கேரளாவின் தேவை 5,800 மெகாவாட்டை ஒட்டிப் போனபோது பருவமழை வரவே இல்லை. அணைகளும் அந்த மாதத்தில் இறங்கித்தான் கிடக்கும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை பீக் டைம், அதாவது கரண்ட் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம், என்பது பழைய வரையறை. ஏசி பெருகிய பிறகு பத்தைத் தாண்டியும் இறங்க மாட்டேன் என்கிறது.

சித்திரையில் தாராளமாகக் கிடைப்பது பகல் வெயில் ஒன்றுதான். அதை ஏழெட்டு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

பெரிய அளவில் இதைச் செய்யக் கூடியது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: ஆழியாறுக்கு மேலே காடம்பாறை நீர்மின் நிலையம், 4 × 100 மெகாவாட். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, பீக்கில் இறக்கலாம். ஒரு கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் கிடைப்பது கால் யூனிட்தான், அதனால் உயரம் இல்லாத இடத்தில் இது எடுபடாது. ஏற்ற 100 யூனிட் செலவானால் திரும்பி வருவது 75 முதல் 80. இடுக்கியின் 780 மெகாவாட்டை இப்படித் திருப்ப முடியாது. அங்கே ஓடுவது பெல்டன் சக்கரம், பீய்ச்சும் தண்ணீர் கிண்ணங்களில் அடித்துச் சுற்றுகிற வகை, தண்ணீரை மேலே தள்ளாது.

நடைமுறையில் தடங்கல் இரண்டு. நிலையான வேகத்தில் சுற்றும் எந்திரம் பம்பாக ஓடும்போது முழு லோடு எடுக்கும், இல்லையென்றால் நிற்கும். 40 மெகாவாட் சோலார் மிச்சம் இருக்கிறது என்று 40-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளாது. இரண்டாவது, கீழே மேல் ஆழியாறு அணையில் ஏற்றுவதற்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அதே தண்ணீர்தான் இறங்கி ஆழியாறு அணைக்கும், அங்கிருந்து பாசனத்துக்கும், மணக்கடவு வழியாகக் கேரளாவின் சித்தூர்ப்புழைக்குத் தர வேண்டிய 7.25 டி.எம்.சி. கணக்குக்கும் போகிறது. மின்சாரக்காரரும் பாசனக்காரரும் ஒரே அட்டவணையில் உட்காராவிட்டால் எந்திரம் சும்மா நிற்கும்.

நம் கைக்கு எட்டுவது பால் சொசைட்டி. சாயங்காலக் கறவை வந்து சேர்வதும் பீக் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். 1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4-க்கு இறக்க சுமார் 34 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நேரடியாகக் குளிர்வித்தால் கம்ப்ரசர் 13, 14 யூனிட் கரண்ட் எடுக்கும், அதுவும் பீக்கில். அதற்குப் பதில் ஐஸ் பேங்க் தொட்டி (உள்ளே குளிர் குழாய்களின் மேல் ஐஸ் கட்டும் தண்ணீர்த் தொட்டி) வைத்து, காலை பத்திலிருந்து மூன்றரை வரை கூரை சோலாரில் மூன்றரை கிலோவாட் கம்ப்ரசரை ஓட்டினால் சுமார் 450 கிலோ ஐஸ் கட்டிவிடும். கசிவு போகவும் போதும். சாயங்காலம் ஐஸ் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் பால் கலக்கியும் மட்டும் ஓடும். மொத்த யூனிட் குறையாது, 18, 19 ஆகும். ஐஸ் கட்ட கம்ப்ரசர் வாயு இன்னும் குளிராக ஓட வேண்டும், மத்தியான வெயிலில் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரும் திணறும். இதை மறைத்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்: பக்கத்துப் பக்கத்துக் குழாய்களின் ஐஸ் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். இடையில் தண்ணீர் ஓட வழியில்லாமல், தொட்டி நிறைய ஐஸ் இருந்தும் பால் குளிராது. தடிமன் பார்க்கும் சென்சார் 35 மில்லிமீட்டரில் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். தொட்டியில் காற்று ஊதும் ப்ளோயரும் நிற்கக் கூடாது.

வீட்டுக்கு 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. பெயருக்கு 5.1 யூனிட், 20 சதவீதம் மிச்சம் வைத்து, இன்வெர்ட்டர் இழப்பும் போக 3.8 யூனிட் கைக்கு வரும். ஃபேன், லைட், டிவி, ஃப்ரிட்ஜ், ஒன்றரை மணி நேரம் ஒரு டன் ஏசி, எல்லாம் இரண்டரைக்குள் அடங்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் சேர்த்தால் 3 கேவிஏ இன்வெர்ட்டர் ஏசியோடு சேர்ந்து ட்ரிப் ஆகும். சமையலை ஆறுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சோலார், பேட்டரி, லைன் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பல இடங்களில் பேக்கப் மோடிலேயே, அதாவது கரண்ட் போனால் மட்டும் பேட்டரி ஓடும்படி, விட்டுவிட்டுப் போகிறார்கள். பேட்டரி நிறைந்து சும்மா இருக்கும், பீக் யூனிட் மீட்டரில் ஏறும். நேர அட்டவணையைத் திறந்து பத்து முதல் மூன்று வரை சோலாரில் சார்ஜ், ஆறு முதல் பத்து வரை டிஸ்சார்ஜ் என்று வையுங்கள். வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றாவிட்டால் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும். பேட்டரியைத் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். பாலக்காட்டுச் சித்திரையில் அங்கே நாற்பதைத் தாண்டும், ஆயுள் மளமளவென்று குறையும்.