இரண்டு நாட்டு ஆய்வகங்கள், ஒரே கிரிட் மாடல்

மின்கட்டமைப்பை (கிரிட்) சேர்ந்து ஆராய இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும், போட்டோ வெளிவரும், ஆராய்ச்சி மாணவர்கள் போய் வருவார்கள். பிறகு பார்த்தால், இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரே கிரிட்டை வைத்து ஓட்டிய சிமுலேஷன்கள் ஒத்துப்போகாது. பெரும்பாலும் யாருடைய கணக்கும் தப்பாக இருக்காது. யாரும் எழுதிவைக்காத அனுமானங்கள்தான் ஆளுக்கொன்றாக இருக்கும்.

எல்லாரும் சோதனைக்கு எடுக்கும் ஐ-டிரிபிள்-ஈ 39-பஸ் மாடலையே பாருங்கள் (பஸ் என்பது லைன்கள் சந்திக்கும் முனை). அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கட்டமைப்பை வைத்து உருவானது. 10 ஜெனரேட்டர்கள், 60 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் இருப்பவர் இதைக் கையாள இரண்டு வழி உண்டு. ஒன்று, லைன்களின் இண்டக்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் அப்படியே வைத்து, அவற்றிலிருந்து அதிர்வெண்ணுக்கேற்ப வரும் ரியாக்டன்ஸையும் சஸெப்டன்ஸையும் 5/6 ஆல் பெருக்குவது (ரெசிஸ்டன்ஸைத் தொடக்கூடாது). மற்றது, பெர்-யூனிட் எண்களை (ஓர் அடிப்படை அளவுக்கு விகிதமாக எழுதியவை) மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் 50 ஆக்குவது. இரண்டுமே செல்லும், ஆனால் இரண்டும் ஒரே கிரிட் அல்ல.

இதில் ஆபத்தானது இரண்டாவது. லோட் ஃப்ளோ (எந்த லைனில் எவ்வளவு பவர் ஓடுகிறது என்ற கணக்கு) விடை 60 ஹெர்ட்ஸ் விடையோடு கடைசி தசமம் வரை பொருந்திவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உள்ளே இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் 1.2 மடங்கு ஆகியிருக்கும். 600 ஹெர்ட்ஸில் இருந்த ஒத்ததிர்வு 500-க்கு இறங்கியிருக்கும். காற்றாலையைக் கிரிட்டோடு இணைக்கும் இன்வெர்ட்டர் அங்கே ஊசலாட ஆரம்பித்தால் ஒரு குழு கன்ட்ரோலரைக் குறை சொல்லும், மற்றக் குழு கிரிட்டைக் குறை சொல்லும்.

எனவே முதல் வேலை, எதை எப்படி எழுதுகிறோம் என்று இரு குழுவும் ஒப்புக்கொள்ளும் ஒரு பக்க மரபுத்தாள். பேஸ் எம்விஏ (பெர்-யூனிட்டுக்கு அடிப்படையான பவர்), மின்னழுத்தம் லைன்-டு-லைனா ஃபேஸா, பவர் எந்தத் திசையில் ப்ளஸ் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ரியாக்டிவ் பவரின் குறியை ஒருவர் லோடு கணக்கிலும் ஒருவர் ஜெனரேட்டர் கணக்கிலும் எழுதினால், மின்னழுத்தத்தைத் தாங்கவேண்டிய ட்ரூப் கன்ட்ரோல் (விலகலுக்கேற்பத் திருத்தும் கட்டுப்பாடு) அதையே தள்ளிவிடும். மூன்று ஃபேஸ் அளவுகளை டி, க்யூ என்ற சுழலும் இரண்டு அச்சுகளுக்கு மாற்றும் பார்க் டிரான்ஸ்ஃபார்மையும் குறித்தாக வேண்டும்: 2/3 பெருக்கியா, அதன் வர்க்கமூலமா? வித்தியாசம் சுமார் 22 சதவீதம். க்யூ அச்சு டி அச்சுக்கு முன்னால் ஓடுகிறதா பின்னாலா என்பது மாறினால், கரன்ட் கன்ட்ரோலரில் டீகப்ளிங் உறுப்பின் (இரு அச்சுகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் பிரிப்பது) குறியே தலைகீழாகும்.

இனெர்ஷியாவும் (சுழலும் ஜெனரேட்டர்கள் வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) இப்படித்தான். சில மென்பொருள் எச் மாறிலியைக் கேட்கும், சில முடுக்க நேர மாறிலியைக் கேட்கும். பின்னது முன்னதைப்போல் இரு மடங்கு. 50 ஹெர்ட்ஸில் எச் 5 விநாடி, உற்பத்தியில் 10 சதவீதம் சட்டென்று போனால், அதிர்வெண் விநாடிக்கு 0.5 ஹெர்ட்ஸ் வேகத்தில் விழத் தொடங்க வேண்டும். 1 ஹெர்ட்ஸ் வந்தால் 5-ஐத் தப்பான பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சோதிக்கும் வரிசையும் முக்கியம்: லோட் ஃப்ளோ, பிறகு ஷார்ட் சர்க்யூட் அளவு, பிறகு இந்த டிரிப் (உற்பத்தி துண்டிப்பு) சோதனை, அதற்கப்புறம்தான் இன்வெர்ட்டர்.

சோலார் தரவில் நேரம்தான் தொல்லை. எல்லாவற்றையும் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) வையுங்கள். கோடைகால நேரம் மாறும் நாட்களில் 15 நிமிடப் பதிவுகள் 96-க்குப் பதில் 92 அல்லது 100 வரும். இந்தியாவைப் போல 5:30 தள்ளி இருக்கும் நாட்டின் மணிச் சராசரியை யூடிசி மணியில் பொருத்தவே முடியாது. அரைமணி அல்லது அதைவிட நுணுக்கமான தரவு வேண்டும். மணி முத்திரை இடைவெளியின் தொடக்கமா முடிவா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஈரா5 என்ற உலக வானிலைத் தரவில் கதிர்வீச்சு அந்த மணியோடு முடியும் ஒரு மணி நேரத்துக்கானது. மேகமில்லாத ஒரு நாளை வரைந்து, சூரிய உச்சிக்கு இருபுறமும் வளைவு சமச்சீராக இருக்கிறதா பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டு நாட்டு ரியல்-டைம் சிமுலேட்டர்களை (நிஜ நேர வேகத்திலேயே ஓடுபவை) இணையம் வழியாகப் பிணைப்பது இன்றைய ஆசை. 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வகங்களை இப்படி இணைத்துக் காட்டினார்கள். இதற்கு உதவும் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தின் வில்லாஸ் மென்பொருள் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. ஆனால் இயற்பியலை ஏமாற்ற முடியாது. ஃபைபரில் ஒளிக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ விநாடி. 7,000 கிலோமீட்டர் என்றால் ஒருவழிக்கே 35 மில்லி விநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸில் ஒன்றேமுக்கால் சுழற்சி. சிமுலேட்டரோ 50 மைக்ரோ விநாடிக்கு ஓர் அடி (டைம் ஸ்டெப்) எடுத்துவைக்கிறது.

அதனால் அலைவடிவத்தை அனுப்பக்கூடாது. வீச்சும் கோணமுமாகப் பிரித்து டைனமிக் ஃபேஸராக அனுப்பி, மறுமுனையில் அங்குள்ள கடிகாரத்தை வைத்து மீண்டும் அலையாக்க வேண்டும். கடிகாரங்கள் 1 மில்லி விநாடி விலகினால் கோணம் 18 டிகிரி விலகும். எனவே இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி போதாது, இரு முனையிலும் ஜிபிஎஸ் வேண்டும். பாக்கெட்டுகளை யூடிபி-யில் (தொலைந்ததை மறுபடி கேட்காத அனுப்பு முறை) நேர முத்திரை, வரிசை எண்ணோடு அனுப்புங்கள். இன்னொரு முறையான டிசிபி, தொலைந்த ஒன்றுக்காகப் பின்னால் வரும் அனைத்தையும் நிறுத்திவைக்கும். சராசரித் தாமதத்தைவிடத் தாமதத்தின் ஏற்ற இறக்கம்தான் அதிகம் படுத்தும். இரு பக்க ஃபயர்வாலையும் திறக்க முதல் நாளே விண்ணப்பியுங்கள்.

இரு சிமுலேட்டருக்கும் பிரித்துக்கொடுக்கக் கிரிட்டை எங்கே வெட்டுவது? மின்னழுத்தத்தை அனுப்பும் பக்கத்து இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கான மொத்தத் தடை), கரன்ட்டைத் திருப்பி அனுப்பும் பக்கத்து இம்பிடன்ஸைவிடக் குறைவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் சுற்று தானே பெருகி வெடிக்கும். ஹெச்விடிசி (உயர் மின்னழுத்த நேர்மின்) இணைப்பின் டிசி பக்கம் வெட்டுவதற்குத் தோதானது: கோணத் தொல்லையே இல்லை, கெப்பாசிட்டர் மாற்றத்தை மெதுவாக்குகிறது. இரண்டாம் நிலை அதிர்வெண் கட்டுப்பாடு, மின்வாகன சார்ஜிங் போன்ற நிதானமான விஷயங்களை இப்படி ஆராயலாம். ஃபால்ட் வந்த முதல் சுழற்சியில் இன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்பதை ஒரே ஆய்வகத்துக்குள் பாருங்கள்.

உண்மையான கிரிட் மாடல்கள் ரகசிய ஒப்பந்தத்தில் இருக்கும், ஐரோப்பாவில் வீட்டு ஸ்மார்ட் மீட்டர் பதிவுகள் தனிநபர் தரவாகக் கருதப்படும். தரவைக் கடல் தாண்டிக் கேட்பதைவிட உங்கள் நிரலை அங்கே அனுப்பி, முடிவுகளை மட்டும் வாங்குவது எளிது. இன்வெர்ட்டர் நிறுவனம் தரும் மூடிய மாடலைப் (உள்ளே இருக்கும் நிரலைக் காட்டாதது) பெறும்போது கம்பைலர் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எந்த டைம் ஸ்டெப்புக்கானது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேறு டைம் ஸ்டெப்பில் அது எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி, தப்பான விடையைத் தரக்கூடும்.